மலைச் சாலைக்கு நிதி எங்கிருந்து வருகிறது?

கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலை அடிக்கடி செப்பனிடப்படுகிறது. அதிலிருந்து பிரியும் எங்கள் ஊர்ச் சாலையை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. ஏன்? (வாசகர், கோத்தகிரி)

முன்னது மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளது. உங்கள் ஊர்ச் சாலை ஊராட்சி அல்லது பேரூராட்சியைச் சேர்ந்ததாக இருக்கும். அதற்கான நிதி வேறு வழியில் வர வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர் வாழும் குடியிருப்புகளை இணைக்கத் தொடங்கப்பட்டபோது, இமாச்சலப் பிரதேசம் போன்ற மலை மாநிலங்களுக்கு 250 பேர் போதும் என்று தளர்த்தப்பட்டது. ஆனால் அது ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. நீலகிரியிலோ, பார்வைக்குக் கிராமமாகவே இருக்கும் பல ஊர்கள் பேரூராட்சி எல்லைக்குள் உள்ளன. ஆகவே மனு எழுதும் முன் சாலை யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிதாகத் தார் போட்ட சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிடுகிறதே? (வாசகர், குன்னூர்)

மலையில் சாலையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேல் சரிவிலிருந்து இறங்கும் நீர், ஓரத்து வடிகாலும் சிறுபாலமும் மண்ணால் அடைபட்டிருந்தால், சாலையின் மீதே ஓடித் தாருக்கு அடியிலுள்ள ஜல்லி அடுக்கை இளக்கிவிடுகிறது. பின்பு அதன்மேல் செல்லும் ஒவ்வொரு லாரியும் பள்ளத்தை ஆழமாக்குகிறது. வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கும் குன்னூர்ச் சரிவுகளில், வடிகாலுக்கும் தடுப்புச்சுவருக்கும் பணம் ஒதுக்காத மதிப்பீடு பாதி வேலைக்கான மதிப்பீடே என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு; அதற்குள் தோன்றும் பழுதை ஒப்பந்ததாரர் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் என்று முடிகிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம்.

பெட்ரோலுக்கு நாம் செலுத்தும் வரி சாலைக்கு வருகிறதா? (வாசகர், கூடலூர்)

ஒரு பகுதி வருகிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்ரோல், டீசல் மீது வசூலாகும் மத்தியச் சாலை வரியிலிருந்து மாநிலச் சாலைகளுக்கும் பங்கு உண்டு. மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி பொதுக் கருவூலத்தில் சேர்கிறது.

பள்ளிக்கு அருகே உள்ள இறக்க வளைவில் வேகத்தடை கேட்கலாமா? (ஆசிரியை, உதகை)

செங்குத்தான இறக்கத்தில், அதுவும் வளைவிலேயே, வேகத்தடை அமைப்பது புதிய ஆபத்தை உண்டாக்கும். வளைவுக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் பட்டைகள், எதிர்வரும் வண்டியைக் காட்டும் குவியாடி, குழந்தைகள் நடக்கத் தனி ஓரப்பாதை ஆகியவற்றைக் கேளுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர் என்பதால், விபத்து நடந்த இடங்களைக் குறித்த வரைபடத்துடன் அவரிடமே மனுவை அளியுங்கள்.