துபாயில் 14 மணித்தியால ட்ரான்சிட்: அம்மாவின் பேக்கில் எதை வைக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து அம்மா முதல் தடவையாகத் தனியே லண்டன் போகிறார், துபாயில் 14 மணித்தியாலம் நிற்க வேண்டும், சுங்கம் கடுமையான இடம் என்கிறார்கள், என்ன கட்டிவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிவிட வேண்டியது கொஞ்சம்தான். பேக்கிலிருந்து எடுத்து மேசையில் வைக்க வேண்டியதுதான் கூட. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கும், அயலில் இரண்டு வீட்டாராவது "இதையும் பிள்ளையிட்டக் குடுத்திடுங்க" என்று பார்சல் தந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் சந்தோஷம், பாதியை விட்டுவிட்டு வாசியுங்கள்.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். கட்டுநாயக்கா (கொழும்பு) விமான நிலையத்திலிருந்து லண்டன் வரை ஒரே பதிவு இலக்கத்தில் இருந்தால், பாரம் போட்ட பெரிய பொதி துபாயில் வெளியே வராது. பொதியில் ஒட்டும் பட்டியில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கும். ஹீத்ரோ என்றால் எல்.எச்.ஆர். துபாயின் குறி மட்டும் இருந்தால் கவுண்டரை விட்டு நகர வேண்டாம், அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். விலை குறைவு என்று ஏஜென்சிக்காரர் கொழும்பு–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–லண்டன் வேறொரு டிக்கெட் என்று போட்டுத் தந்திருந்தால் கதை முழுக்க மாறும். விசா எடுத்து, குடிவரவு தாண்டி, பொதியைப் பெல்ட்டில் தூக்கி, சுங்க ஸ்கானருக்குள்ளால் கொண்டுபோய்த் திரும்பவும் பாரம் போட வேண்டும். அப்போது அம்மா ட்ரான்சிட் பயணி இல்லை, அந்த நாட்டுக்குள் சாமான் கொண்டு வந்தவர். அமீரகத்தில் 48 மணித்தியால ட்ரான்சிட் விசாவும் 96 மணித்தியால விசாவும் இருக்கின்றன. ஆனால் நமது பாஸ்போர்ட்டுக்கு அவற்றை விமான நிறுவனம் ஊடாக முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். 14 மணித்தியாலத்துக்கு வெளியே ஹோட்டலில் படுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், கைப்பொதியும் சுங்கத்தைத் தாண்ட வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளேயே இருந்தாலும் கைப்பொதியை மாறும் இடத்தில் திரும்ப ஸ்கான் பண்ணுவார்கள். இறங்காத பயணிக்கு அந்த நாட்டுச் சட்டம் பொருந்தாது என்று நம்மாட்கள் கதைப்பது பிழை. போதைப்பொருள் சட்டம் ட்ரான்சிட் மண்டபத்துக்குள்ளும் சட்டம்தான்.

இப்போது வெளியே எடுக்க வேண்டியவை. முதலாவது கசகசா. அமீரகம், கட்டார், சவூதி, சிங்கப்பூர் எங்கேயும் இதைக் கொண்டு போகக்கூடாது. வெள்ளைக் கசகசா அபின் செடியின் விதை. அதன் மேல் ஒட்டியிருக்கும் சத்தைச் சோதனைக்கருவி பிடிக்கும். நம்மூரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் பலூடாவுக்குப் போடும் கறுப்பு விதையையும் கசகசா என்று பெயரிட்டுத்தான் விற்கிறார்கள். அது துளசி இன விதை, தடை இல்லாதது. ஆனால் பக்கெட்டில் அச்சடித்திருப்பது கசகசா என்ற பெயர். அதிகாரி பெயரைத்தான் வாசிப்பார், தாவரவியல் படிக்க மாட்டார். இரண்டையும் விட்டுவிடுங்கள். மில்லில் அரைத்த இறைச்சிக் கறித்தூளில், கரம் மசாலாவில் கசகசா சேர்த்தார்களா என்று அரைத்தவரிடம் கேளுங்கள். கடைத்தூள் என்றால் உள்ளடக்கப் பட்டியலை வாசியுங்கள். வழியில் விதை தூவிய பணிஸ் சாப்பிட்டால் உடுப்பை உதறிவிடச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள்: ஹீத்ரோவில் சாப்பிட்ட பணிஸிலிருந்து உடுப்பில் ஒட்டிய மூன்று கசகசா மணிக்காகத் துபாயில் ஒருவருக்கு 4 வருடச் சிறை என்று 2008 இல் பிரித்தானிய ஊடகங்களில் செய்தி வந்தது.

அடுத்தது வெற்றிலை. துபாய்ச் சுங்கத்தின் தடைப்பட்டியலில் வெற்றிலையும் பீடா வகைகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம் இருந்தால் இடுப்பில் செருகும் சின்னப் பையையும் சேர்த்து வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். பாக்குத் துகள், புகையிலைக் காம்பு மடிப்புக்குள் கிடக்கும். கைப்பையைக் கவிழ்த்துத் தட்டி, தையல் மூலை வரை துடைத்து எடுங்கள். முடிந்தால் புதுப் பையே வாங்குங்கள். மதன மோதகம், லேகியம், பெயரில்லாத நாட்டு மருந்து உருண்டை எதுவும் வேண்டாம். மதன மோதகத்தில் கஞ்சா சேருகிறது. இலங்கையில் ஆயுர்வேதக் கடையில் பகிரங்கமாக வாங்கினோம் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

மாத்திரைதான் ஆட்களை அதிகம் மாட்டிவிடுவது, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாக. சீனிக்குக் குடிக்கும் மெற்போமின், பிரஷருக்குக் குடிக்கும் லொசாட்டன், கொலஸ்ட்ரோல் மாத்திரை இவற்றால் பிரச்சினை இல்லை. ட்ரமடோல், கொடெய்ன் கலந்த வலிமாத்திரையும் இருமல் பாணியும், டயசிபாம், அல்ப்ராசோலாம், குளோனாசிபாம் போன்ற நித்திரை, பதற்ற மாத்திரைகள், ப்ரிகபலின் ஆகியவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். சீனி வருத்தக்காரருக்குக் கால் எரிவு, விறைப்பு என்றால் கிளினிக்கில் ப்ரிகபலின் எழுதுவார்கள். அது நித்திரைக் குளிசை மாதிரிக் கட்டுப்பட்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. டொக்டரிடம் போய், பயண நாட்களுக்கு வேறு மருந்து மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாற்ற முடியாவிட்டால் அமீரகச் சுகாதார அதிகாரிகளின் இணையத்தளத்தில் முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். டொக்டரின் துண்டு, மருத்துவ அறிக்கை, பாஸ்போர்ட் பிரதி கேட்பார்கள். வெளியே இறங்குபவருக்குத்தானே அனுமதி என்று சிலர் வாதாடுவார்கள். விமானம் ரத்தாகி ஹோட்டலுக்கு ஏற்றினால் அம்மாவும் வெளியே இறங்குபவர்தான்.

எந்த மருந்தானாலும் கம்பனிப் பெட்டியோடு, வெட்டாத அட்டையோடு இருக்க வேண்டும். கட்டுப்பாடில்லாத மருந்தின் அளவு மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மாத்திரையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று கோடு போட்டுத் தருகிறார்கள். பெயர் எழுதினால் அது எழுதியவருக்கே விளங்காது. பார்மசியிலும் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது பெயரும் காலாவதித் திகதியும் மற்றப் பாதியோடு போய்விடும். இலவச மருத்துவத்தைக் குறை சொல்ல வந்துவிட்டான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இலவசமாகத் தருவது நல்ல காரியம்தான். உறையில் மருந்தின் பெயரை அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? பயணம் போகாத கிழவருக்கும் அது உதவும், இரண்டு உறையை மாறிப் போட்டு விழுங்குகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்.

ஆகவே பயணத்துக்குரிய மருந்தை மட்டும் வெளியே பார்மசியில் முழுப் பெட்டியாக, பில்லோடு வாங்குங்கள். டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடுங்கள்: அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, வருத்தம், மருந்தின் இரசாயனப் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு, டொக்டரின் முத்திரை, மருத்துவப் பேரவைப் பதிவு இலக்கம். கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போவது இதற்கு ஈடாகாது. இன்சுலின் என்றால் கைப்பொதியில்தான், ஊசியும் அதே பைக்குள், கடிதத்தின் ஒரு பிரதியும் அங்கேயே. பாரம் போட்ட பொதிக்குள் உறைந்தால் மருந்து கெட்டுவிடும். பாவனையில் உள்ள குப்பி 30 பாகைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். விமானத்தை விட மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா வரை பஸ்ஸில் போகும் நேரம்தான் ஆபத்து. குளிர்ப்பைக்குள் வையுங்கள், ஐஸ் கட்டியில் நேரே முட்ட விடாதீர்கள்.

தாயத்து, எழுத்துத் தகடு, மந்திரித்த எலுமிச்சம்பழம், கோயில் நூல் கட்டு எதையும் பொதிக்குள் வைக்காதீர்கள். சூனியச் சாமான் அமீரகத் தடைப்பட்டியலில் இருக்கிறது. மட்டக்களப்பு என்றாலே மந்திரம் என்று வெளியூரார் பகிடி பண்ணுவது வேறு. விபூதியைப் பெயரில்லாத வெள்ளைப் பொடியாகக் கொண்டு போக வேண்டாம், லண்டனில் கோயிலுக்குக் கோயில் கிடைக்கும்.

இனி அந்தப் பார்சல்கள். முகத்துக்கு அஞ்சி வாங்கி வைத்திருப்பீர்கள். தந்தவர் முன்னாலேயே திறந்து, ஒவ்வொரு சாமானாக நிலத்தில் பரப்பி, போனில் படம் எடுத்து, பிறகு நீங்களே கட்டுங்கள். அவருக்கு மனம் நோகும் என்றால் பார்சலை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தைத்து மூடியது, டேப் சுற்றியது, மருந்து, சுருட்டு, பெயரில்லாத தூள் ஆகியவற்றைத் திறந்து பார்த்த பிறகும் ஏற்க வேண்டாம். பொதியை நீங்களே கட்டினீர்களா என்று கவுண்டரில் கேட்பார்கள். அம்மா ஓம் என்று தலையாட்டுவார், அதோடு உள்ளே இருப்பது முழுக்க அவருடைய பொறுப்பு. "நாங்க எத்தனை தரம் கொண்டு போயிருக்கம், ஒண்டும் நடக்கல்ல" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஸ்கானர் எல்லாரையும் பிடிப்பதில்லை, அதற்காக அறுபது வயது கடந்த, ஆங்கிலமோ அரபோ கதைக்கத் தெரியாத ஒரு மனிசியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை. வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் கடையில் கிடைக்கும் சாமானுக்காக இவ்வளவு பாரம் ஏன் என்பதும் விளங்கவில்லை.

உணவில் இரண்டு விஷயம். சம்பல், ஊறுகாய், தேன், நெய், தயிர் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் நீர்ப்பொருள் கணக்கு. கைப்பொதியில் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேல் போகாது, எல்லாம் சேர்த்து ஒரு லீற்றர் தெளிந்த பைக்குள். பாதி காலியான 200 மில்லிப் போத்தலையும் எறிவார்கள், போத்தலின் அளவுதான் கணக்கு. மற்றது, பிரித்தானியாவுக்குள் இலங்கையிலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் போகாது. எருமைத் தயிர்ச் சட்டி எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கிடையாது. கருவாடு, இறால் கருவாடு போகும், மீன் பொருட்கள் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. மூன்று உறையில் கட்டி, ஆங்கிலத்தில் பெயர் எழுதிப் பெரிய பொதிக்குள் வையுங்கள். தூள்களையும் அப்படியே, அம்மாவின் கையில் வேண்டாம்.

பவர் பாங்க் கைப்பொதியில் மட்டும். எல்லை 100 வாட்-அவர். பவர் பாங்கில் அச்சடித்திருக்கும் மில்லிஅம்பியர்-அவர் (mAh) எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வரும். 20,000 என்றால் 74, பிரச்சினையில்லை, 30,000 என்றால் 111, அனுமதி எடுக்க வேண்டும். எண் அழிந்ததைப் பறிப்பார்கள். எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதையும் விமானத்துக்குள் பாவிக்க முடியாது. ஆகவே மண்டபத்தில் சார்ஜ் போட வேண்டும், அங்கே சதுர முள் சொக்கெட். நம் பழைய உருண்டை முள் சார்ஜர் ஏறாது.

வேறு வழியாக டிக்கெட் மாறினால்: சிங்கப்பூரில் வெளியே இறங்கினால் சுவிங்கம், மெல்லும் புகையிலை, வேப் எதுவும் கூடாது, சிகரட் முதல் குச்சியிலிருந்தே வரி. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் உணவு எல்லாவற்றையும் அட்டையில் "ஆம்" என்று குறித்துக் காட்ட வேண்டும். குறித்துவிட்டால் சாமான்தான் போகும். மறைத்தால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டொலர்.

அம்மாவின் கையில் போக வேண்டியது இவ்வளவுதான்: மூன்று நாள் மருந்தும் கடிதமும் (இன்சுலின் என்றால் முழுக்கக் கையில், மற்ற மருந்தில் மிச்சம் பெரிய பொதியில், அதற்கும் கடிதப் பிரதி), பாஸ்போர்ட், டிக்கெட் அச்சுப்பிரதி, ஒரு சோடி மாற்றுடுப்பு, தடித்த சால்வை, ஏனென்றால் குளிர் ஊசியாய்க் குத்தும், காலிப் போத்தல், மூக்குக் கண்ணாடி, பேனா, சில்லறையாக 50 டொலர், உப்பு பிஸ்கட், சீனி இறங்கினால் வாயில் போட நான்கு டொபி. சக்கர நாற்காலி உதவியை 48 மணித்தியாலத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் பதியுங்கள். நடக்க முடிந்தாலும் பதியுங்கள், அடுத்த கேற்றுக்கு அவர்களே கொண்டுபோய் விடுவார்கள். லண்டன் வீட்டு நம்பரை நாட்டுக் குறியோடு கடதாசியில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள், போன் செத்தால் அதுதான் உதவும். பெரிய பொதியையும் ஒட்டிய பட்டியையும் கட்டுநாயக்காவிலேயே படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.