காணி காட்டிய புரோக்கரே வீடும் கட்டித் தரலாமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் 12 பேர்ச் காணி பார்த்திருக்கிறோம். சரிவான இடம். காட்டிய புரோக்கரே, "வீட்டையும் நானே கட்டித் தருகிறேன், சதுர அடிக்கு ஒரே விலை, பிளான் பாஸ் பண்ணுவதும் என் பொறுப்பு" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால் காணிக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று இரண்டு ஒப்பந்தம் போடுங்கள். நிலம் வீடு கட்ட ஏற்றதா என்பதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். காணி கைமாறினால்தான் அவருக்குக் கமிஷன். "இந்தச் சரிவு சரிவராது" என்று சொன்னால் கமிஷனோடு கொந்தராத்தும் போய்விடும். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அப்படியொரு நெருக்கடியில் அவரை வைப்பது சரியில்லை.

பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை நாம் யாரும் மறக்கவில்லை. இப்போதைய காணிக்காரரை வைத்தே அந்த அறிக்கைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அறிக்கையோ பிரதேச சபை அனுமதியோ கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்பி வரும் என்று விற்பனை உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். காணிப் பதிவகத்தில் 30 வருட உரிமைத் தொடரைப் பார்க்கும் வேலையை, புரோக்கர் கூட்டிவரும் நொத்தாரிசிடம் விடாமல் உங்கள் நொத்தாரிசிடம் கொடுங்கள்.

அடுத்தது அந்த "சதுர அடிக்கு ஒரே விலை". சமதரையில் அது ஓரளவு சரிவரும். மலையில் பணத்தை விழுங்குவது தரைக்கு மேலே தெரியாத வேலைதான்: மண் வெட்டுவது, வெட்டிய மண்ணை ஏற்றிப் போவது, தாங்குசுவர், கான், லொறி போகாத இடத்துக்குக் கல்லும் மணலும் சுமக்கும் கூலி. பெரும்பாலும் இவை சதுர அடிக் கணக்கில் வராது. பாதி வேலையில் "எக்ஸ்ட்ரா" என்று வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதிய விபரப்பட்டியல் கேளுங்கள். தாங்குசுவரின் நீளம், உயரம், அடிப்பாகத்தின் அகலம் அதில் இருக்க வேண்டும்.

சரிவில் மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித்தான் வழக்கமாகத் தளம் எடுப்பார்கள். வீட்டின் பாதி வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கொட்டிய பக்கம் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். அதற்குமேல் எத்தனை தடவை பூசினாலும் நிற்காது. கீழ்ப்பக்க அத்திவாரக் குழிகள் கொட்டிய மண்ணைத் தாண்டிப் பழைய கெட்டித்தரை வரை இறங்க வேண்டும். கொங்கிறீட் போடுமுன் பொறியியலாளர் ஒவ்வொரு குழியையும் பார்க்கட்டும். அவருக்குக் கூலி கொடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். தாங்குசுவரில் சுமார் 5 அடிக்கு ஒன்றாக 3 அங்குல பைப்பும், பின்னால் கல் நிரப்பும் இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும்.

சிலாப் போடும் நாளில் மூட்டையை எண்ணுங்கள். 1000 சதுர அடி, 5 அங்குலத் தடிப்பு, 1:2:4 கலவை (சீமெந்து, மணல், கல்) என்றால் 50 கிலோ சீமெந்து சுமார் 75 மூட்டை போகும். 60இல் முடிந்தால் ஏதோ குறைந்திருக்கிறது.

கட்டப்போவது உண்மையில் யார்? புரோக்கர் பெரும்பாலும் வேலையை ஒரு மேசன் பாஸிடம் கைமாற்றுவார். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருந்தால் அந்தச் சான்றிதழில் யார் பெயர், எந்தத் தரம், எந்தத் திகதி வரை என்று பாருங்கள். பாஸின் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

முற்பணம் 20 வீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதி அத்திவாரம், லின்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கொங்கிறீட்), சிலாப் அல்லது கூரை, பூச்சு என்று முடிந்த வேலைக்கு மட்டும். மொத்தத்தில் 5 வீதத்தைப் பிடித்து வையுங்கள்: பாதியை, பாஸான பிளான்படியே வீடு கட்டியிருக்கிறது என்று பிரதேச சபை தரும் இணக்கச் சான்றிதழ் கைக்கு வந்தபின், மறுபாதியை 12 மாதம் கழித்துக் கொடுக்கலாம். ஹார்ட்வெயார் கடையில் உங்கள் பெயரில் கடன் எழுத இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டப் பணத்துக்கும் முன், கடைக்கும் பாஸுக்கும் போன கட்டக் காசு போய்ச் சேர்ந்த ரசீதைக் கேளுங்கள். அந்தக் காசு போகாத வீடுகளில்தான் வேலை லின்டலோடு நிற்கிறது.