கால் வீக்கம் இருக்கட்டும், தலைவலியைக் கவனியுங்கள்

உங்கள் கடிதத்தில் கால் வீக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், மூன்று நாட்களாக விடாத தலைவலியையும் அதற்கு வீட்டில் கிடந்த இபுபுரூஃபன் மாத்திரைகளை விழுங்கியதையும் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான். கர்ப்பத்தின் 31-வது வாரத்தில் இருக்கும் நீங்கள், தலைவலி இப்போது தணிந்திருந்தாலும்கூட, இன்றே இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகம் செயலிழந்துவிட்டதோ என்ற உங்கள் அச்சத்துக்கு, நீங்கள் விவரித்திருக்கும் வீக்கத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. வளரும் கருப்பை இடுப்பிலுள்ள சிரைகளை அழுத்துவதால் மாலையில் இரு கால்களும் ஒரே அளவில் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது கர்ப்பிணிகள் பலருக்கும் உள்ளதுதான். நெஞ்செரிச்சலும் கெண்டைக்கால் பிடிப்பும் அப்படியே. இணையத்தில் படித்துவிட்டு உப்பை அறவே நிறுத்தியதால் பயன் ஏதுமில்லை. நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடும் யோசனையையும் விட்டுவிடுங்கள்.

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறும் நிலையை ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிறோம். தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தராமல் வளரக்கூடியது என்பதால்தான் ஒவ்வொரு முறை வரும்போதும், நன்றாக இருக்கிறேன் என்று நீங்கள் சொன்னாலும், அழுத்தத்தைப் பார்க்கிறோம். விடாத தலைவலி, கண்முன் ஒளிப்புள்ளிகள் மின்னுதல், பார்வை மங்குதல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவானாலும், நேரே பிரசவ வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அழுத்தம் 160/110-ஐத் தொட்டால் அது அவசரநிலை. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட்டும் அழுத்தத்தைக் குறைக்க மருந்துகளும் உண்டு. அவை பலன் தர, நீங்கள் நேரத்தோடு வந்து சேர வேண்டும்.

இபுபுரூஃபனை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் சிறுநீரகத்துக்காகப் பயந்துகொண்டே, 20 வாரத்துக்குப் பின் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடிய மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஓரிரண்டு மாத்திரைகளுக்காகப் பதற வேண்டாம். ஆனால் எத்தனை, எந்தெந்த நாளில் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால், தேவைப்பட்டால் ஸ்கேனில் நீரின் அளவைப் பார்த்துவிடுவார். பாரசிட்டமால் பாதுகாப்பானதாயிற்றே என்று அதைப் போட்டு இந்தத் தலைவலியை மூடிவைக்கவும் கூடாது. முதலில் அழுத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

பிரசவமான பின்னும் ஆறு வாரங்கள் வரை ப்ரீ-எக்லாம்ப்சியா புதிதாகத் தோன்றலாம் என்பதால், தூக்கமில்லாததால் வரும் தலைவலி என்று அப்போதும் நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள்.