டிராக்டருக்கு மறுபடி பெயின்ட்: எந்த பிரைமர், அதன்மேல் எது?

கேள்வி: என்னிடம் பழைய டிராக்டர் ஒன்றும் ரோட்டவேட்டர், கலப்பை, உரம் தூவும் கருவி ஆகியவையும் உள்ளன. இரண்டு வருடத்துக்கு முன் ரெட் ஆக்சைடு பூசி, மேலே எனாமல் அடித்தேன். இப்போது பானெட்டிலும் மட்கார்டிலும் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிகிறது. உரத்தொட்டியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. இந்த முறை எபாக்சி பிரைமர், பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் என்று போகலாமா? பழைய பெயின்ட் மேலேயே அடிக்கலாமா, முழுக்கச் சுரண்ட வேண்டுமா?

பதில்: டப்பா வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பானெட்டில் விளிம்பு தூக்கி நிற்கும் பொருக்கு ஒன்றை நகத்தால் பெயர்த்து, திருப்பிப் பாருங்கள். போன முறை எங்கே தவறு நடந்தது என்பது அதன் முதுகில் தெரியும்.

முதுகில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால், துருவின் மேலேயே பிரைமர் போயிருக்கிறது. துரு இரும்பை விட்டுக் கழன்றபோது பெயின்டும் கூடவே வந்துவிட்டது. முதுகு ரெட் ஆக்சைடின் செங்காவி நிறத்தில் வழவழவென்று இருந்து, அடியில் தகடு பளிச்சென்று தெரிந்தால், எண்ணெய்ப் பிசுக்கு போகாமலோ தகட்டைச் சொரசொரப்பாக்காமலோ பிரைமர் அடித்திருக்கிறீர்கள். பொருக்கு முழுக்க மேல் பெயின்டின் நிறமாக இருந்து, செங்காவி தகட்டிலேயே ஒட்டி நின்றால், பிரைமருக்கும் பெயின்டுக்கும் நடுவில்தான் பிடிப்பு இல்லை. பிரைமர் அடித்து நாள்கணக்கில் அப்படியே விட்டு, பிறகு உப்புத்தாள் போடாமல் மேல்கோட் அடித்தால் இப்படி ஆகும். இந்த மூன்றில் முதல் இரண்டில் ஒன்று என்றால் பிரைமரை மாற்றினால் மட்டும் போதாது. எபாக்சியையும் அதே பிசுக்கின் மேல் அடித்தால் அதுவும் உரியும்.

அடுத்து, பழைய பெயின்ட் தங்குமா என்று பார்க்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில், நீங்கள் பயன்படுத்தப் போகும் தின்னரில் ஒரு துணியை நனைத்து ஓரிரு நிமிடம் அழுத்தி வையுங்கள். பெயின்ட் இளகி நிறம் துணியில் ஏறினாலோ, தோல் போலச் சுருங்கினாலோ, அதன்மேல் பி.யூ. போகக் கூடாது. பி.யூ. தின்னர் வலுவானது. அடியிலுள்ள சாதாரண எனாமலைத் தூக்கிவிடும். ஒரு மட்கார்டில் நானே இதைப் பார்த்திருக்கிறேன். அடித்த பத்தாவது நிமிடத்தில் கொதித்த பாலின் ஆடை மாதிரி முழுப் பரப்பும் சுருங்கியது. மொத்தத்தையும் சுரண்டி, தகட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ரெட் ஆக்சைடும் பெரும்பாலும் அந்த எனாமல் இனம்தான். அதனால் ரெட் ஆக்சைடுக்கு மேல் பி.யூ. வேண்டாம். கேள்வியில் நீங்கள் பிரைமரையும் பெயின்டையும் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். தகடு பிரைமரைத் தீர்மானிக்கும், பிரைமர் பெயின்டைத் தீர்மானிக்கும். மூன்றையும் ஒரே ஜோடனையாகத்தான் பார்க்க வேண்டும். முடிந்தவரை பிரைமர், பெயின்ட், ஹார்டனர் (பெயின்டை இறுக வைக்கக் கலப்பது), தின்னர் எல்லாம் ஒரே தயாரிப்பாளருடையதாக இருக்கட்டும்.

துணி சுத்தமாக இருந்தால், பழைய பெயின்டை 320 நம்பர் உப்புத்தாளால் மங்கலாக்கிவிட்டு மேலே போகலாம். ஆனால் உரிந்த இடத்தின் ஓரத்தை 80-இல் தொடங்கி 180 வரை தேய்த்து, விரலால் தடவினால் படி தட்டாத அளவுக்குச் சரிவாக்குங்கள். படி இருந்தால் அந்தக் கோட்டிலிருந்தே அடுத்த உரிதல் தொடங்கும். மிகப் பழைய டிராக்டர் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், தூசி வடிகட்டும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், சுரண்டிய கழிவைக் குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் மண்ணில் கொட்டாதீர்கள்.

சுத்தம் செய்வதில் வரிசைதான் முக்கியம். முதலில் கழுவுதல், பிறகு பிசுக்கு எடுத்தல், அதற்குப் பிறகுதான் தேய்த்தல். கிரீஸ் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் கிரீஸை இரும்பின் கீறலுக்குள் நீங்களே தேய்த்து ஏற்றுகிறீர்கள். டீசலால் துடைத்து அப்படியே விடுவதும் பலர் செய்யும் தவறு. டீசலே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். பிசுக்கு நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது ஆவியாகும் முன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சரி. தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது.

உரத்தொட்டியின் கொப்புளம் வேறு விஷயம். துருப்பிடித்த குழிகளுக்குள் உர உப்பு தங்கியிருக்கும். அதை மூடிப் பெயின்ட் அடித்தால், படலத்தின் வழியே ஈரத்தை உப்பு உள்ளே இழுக்கும், கொப்புளம் எழும்பும். அதனால் அந்தத் தொட்டியைத் தேய்ப்பதற்கு முன்னும், துரு எடுத்த பின்னும், நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவி உடனே உலர்த்துங்கள்.

துரு எடுக்க, கனமான ஃபிரேமுக்கு மணல் வீச்சு மிக நல்லது. பானெட், மட்கார்டு போன்ற மெல்லிய தகட்டில் அதைச் செய்தால் தகடு நெளியும். அங்கே வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். வயர் பிரஷ் மட்டும் போட்டால் துரு போவது போலத் தெரிந்தாலும் இரும்பு மெருகேறி வழுக்கும், பிரைமருக்குப் பிடி கிடைக்காது. கடைசியில் 80 நம்பர் தாள் கட்டாயம் வேண்டும். பளிச்சென்ற இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துரு கட்டத் தொடங்கும், அன்றன்று தேய்த்த பகுதிக்கு அன்றே பிரைமர் போட்டுவிடுங்கள்.

இப்போது பிரைமர். ரெட் ஆக்சைடு கெட்டதல்ல. பிரஷ்ஷால் பூசலாம், பூசுவதும் எளிது. ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். அதைப் பூசி மழையில் நிறுத்தினால் அடியில் துரு தொடங்கிவிடும். எபாக்சி பிரைமர் ஹார்டனர் கலந்து இறுகுவது. ஈரத்தை நன்றாகத் தடுக்கும், வெற்று இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும், எனாமல், பி.யூ. இரண்டையும் மேலே தாங்கும். உங்கள் கருவிகளுக்கு நான் எபாக்சியையே சொல்வேன். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கலந்தபின் டப்பாவில் சொன்ன நேரம் வரை காத்திருந்து அடிக்க வேண்டும். குளிரில் அது சரியாக இறுகாது. மேல்கோட்டை டப்பாவில் குறித்த கால வரம்புக்குள் அடிக்க வேண்டும், தாண்டினால் உப்புத்தாள் போட்டே ஆகவேண்டும். வெயிலில் எபாக்சி சுண்ணாம்பு போலப் பொடிவதால், மேலே பெயின்ட் இல்லாமல் விட்டுவைக்கவும் கூடாது.

அமிலம் கலந்த எட்ச் பிரைமர் என்று ஒன்று உண்டு. மிக மெல்லியது, வெற்று இரும்பில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன்மேல் எபாக்சி அடிப்பதோ நேரடியாகப் பட்டி போடுவதோ பெரும்பாலும் ஒத்துவராது. துருவைக் கறுப்பாக மாற்றும் அமிலத் திரவங்களும் இப்படித்தான், எச்சம் இருந்தால் எபாக்சியின் பிடிப்பைக் குறைக்கும். எபாக்சி என்று முடிவு செய்தால் இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். நாகமுலாம் பூசிய தகடு எங்காவது இருந்தால் அதில் எனாமல் வகை நேரடியாகப் படக் கூடாது. துத்தநாகத்தோடு சேர்ந்து எனாமலின் எண்ணெய் சோப்பாக மாறி, முழுசாக உரியும்.

மேல் பெயின்டை எல்லா இடத்துக்கும் ஒன்றாக வாங்காதீர்கள். பானெட், மட்கார்டு, உரத்தொட்டி மூன்றுக்கும் எபாக்சி மேல் பி.யூ. வெயில், டீசல் சிந்தல், உரம் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். ரோட்டவேட்டர் ஃபிரேம், கலப்பைச் சட்டம் ஆகியவற்றுக்கு எபாக்சி மேல் சிந்தெடிக் எனாமலே போதும். கல் பட்டு உரிந்தால் பிரஷ்ஷால் ஒட்டுப்போடலாம் என்பது அங்கே பெரிய வசதி. கொழு, கத்தி, டிஸ்க் போல மண்ணை அறுக்கும் பாகங்களுக்குப் பெயின்டே வேண்டாம். ஒரு மணி நேர உழவில் தேய்ந்துவிடும். சீசன் முடிந்ததும் கழுவிக் கிரீஸ் தடவி வையுங்கள். எஞ்சின் பிளாக்குக்கு எஞ்சின் எனாமல், சைலன்சருக்கும் புகைக்குழாய்க்கும் 600 டிகிரி செல்சியஸ் தாங்கும் சிலிக்கான் பெயின்ட். அந்தச் சிலிக்கான் பெயின்டை அடியில் எந்தச் சாதாரண பிரைமரும் இல்லாமல், மெல்லியதாக அடித்து, எஞ்சினை விட்டு விட்டு ஓட்டிச் சூடேற்றித்தான் இறுக்க வேண்டும்.

பி.யூ. பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. எனாமலுக்குப் பளபளப்பு கூட்ட விற்கும் ஹார்டனரிலும் பெரும்பாலும் அதுவே. ஸ்பிரே புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். துணி கட்டிக்கொள்வது எதற்கும் உதவாது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம் உங்களிடம் இல்லையென்றால், பானெட்டையும் மட்கார்டையும் தொட்டியையும் கழற்றி, வசதியுள்ள பெயின்ட் கூடத்தில் கொடுத்துவிடுங்கள். ஃபிரேமை நீங்களே பிரஷ்ஷால் செய்துகொள்ளலாம். எபாக்சியும் தோலில் பட்டால் ஒவ்வாமை தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது? டப்பாவில் கனஅளவில் திடப்பொருள் 50 சதவீதம் என்று இருந்தால், 1 லிட்டர், உலர்ந்த நிலையில் 50 மைக்ரான் தடிமனுக்கு 10 சதுர மீட்டர் வரும். ஸ்பிரேயில் நிறைய காற்றோடு போய்விடும், மூன்றில் ஒரு பங்காவது கழித்துக் கணக்கிடுங்கள். இரண்டு மெல்லிய கோட், நடுவில் டப்பா சொல்லும் இடைவெளி. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் அன்று அடிக்காதீர்கள். பனி இறங்கும் மாலையிலும் வேண்டாம். மணி நாலுக்குள் ஸ்பிரே கன்னைக் கழுவி வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

அடிக்கும் முன் டேப் ஒட்ட வேண்டிய இடங்களை ஒரு சுற்றுப் பாருங்கள்: ஹைட்ராலிக் ராடின் பளபளப்பான பகுதி, ஆயில் சீல்கள், கிரீஸ் நிப்பிள், பி.டி.ஓ. ஷாப்டின் (கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) பற்கள், மூச்சுத்துளை, சேசிஸ் எண் பலகை. ரேடியேட்டர் துடுப்புகளில் தடித்த பெயின்ட் ஏறினால் வெப்பம் வெளியேறாது. அப்புறம், எல்லாம் காய்ந்து திரும்பப் பூட்டும்போது, பேட்டரியின் எர்த் கம்பி உட்காரும் இடத்தில் மட்டும் புதுப் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியச் செய்து, கம்பியை முறுக்கியபின் மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றாது, பழுதை பேட்டரியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.