மழை ஸ்டேஜ்ல கூட்டத்த உக்கார வைக்கிறது

தம்பி, சுங்கை சிப்புட்ல மாமாக் கடைல பெரிய திரைல டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் போட்டு, அங்க ஒரே மழ, மணிக்கணக்கா ஒண்ணும் நடக்காம கூட்டம் கொட்டாவி விட்டு பந்து மேட்ச் போடுன்னு கத்துச்சு, வர்ற சனிக்கிழம என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. முழுசா போடாதீங்க லா. ஸ்டேஜ்னா ஒரு நாள் ஓட்டம், அது சமதரைல நடந்தா முன்னாடி ஓடுற நாலஞ்சு பேர பின்னாடி வர்ற பெரிய சைக்கிள் கூட்டம் வேணும்னே விட்டு வச்சு கடைசிலதான் துரத்திப் புடிக்கும், மழைல ரோடு வேற வழுக்கும், எவன் ரிஸ்க் எடுப்பான்? நம்ம மலேசியா நேரத்துக்கு ராத்திரி பதினொன்னர வாக்குல முடியும், பத்தரைக்குப் போட்டா போதும்.

நடுவுல படம் கட்டானதுக்கு கடக்காரர் டிஷ்ஷ திட்டினீங்களாமே, பாவம் அவரு. மோட்டார் சைக்கிள்ல போற கேமரா சிக்னல் மேல பறக்கற ஹெலிகாப்டர், விமானம் வழியாதான் வரும், வானம் மோசமானா அது பறக்காது, பெரும்பாலும் அதான் காரணம்.

மழைன்னா போர்னு சொல்றவங்ககிட்ட 2019 கதைய எடுத்து விடுங்க. 19வது ஸ்டேஜ்ல ஆலங்கட்டி மழ, மண்சரிவு, ரேஸ பாதிலயே நிறுத்தி இஸரான் மல உச்சில எடுத்த நேரத்த வச்சு கணக்கு பண்ணாங்க, கொலம்பியாக்காரர் எகன் பெர்னால் மஞ்ச ஜெர்ஸிக்கு, அதாவது மொத்த ரேஸ்ல முதல் எடத்துக்கு, வந்துட்டாரு, கடைசில டூரையே ஜெயிச்சாரு.

யாரு ஜெயிப்பான்னு ஒரு தே தாரிக் பந்தயம் கட்டுங்க, எவனும் எந்திரிக்க மாட்டான். சனிக்கிழம மல ஸ்டேஜான்னு மட்டும் பாத்துக்குங்க, அப்படின்னா ஒம்பதுக்கே போடலாம், பந்து பசங்க போன்ல பாக்கட்டும்.