சுய உதவிக் குழுவால் கிராமத்து வறுமை குறையுமா?

குறையும், பணத்தை யாருக்குத் தருவது என்று ஊர்ப் பெண்களே முடிவெடுத்தால். தமிழக அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989இல் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். 

ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள், வாராவாரம் சேமிப்பு, அதிலிருந்தே உறுப்பினர்களுக்கு உள்கடன், அப்புறம் வங்கிக் கடன். இதில் உயிர்நாடி தீர்மானப் புத்தகம். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எல்லார் முன்னாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். உதாரணத்துக்கு, புளி சீசனில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால் அவர் சொன்னதுதான் விலை. குழுக் கடன் கிடைத்தால், கொட்டை எடுத்த புளியை விலை ஏறும்வரை வைத்திருக்கலாம்.

ஆனால் சேமிப்பே கட்ட முடியாத பரம ஏழைகள் வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களைத் தேடிப்போய்ச் சேர்க்காத ஊரில், கடன் ஓரளவு வசதியானவர்களுக்குத்தான் போய்ச்சேரும்.