சூரியன் மறையும் நேரத்தில் கலங்கரை விளக்கத்தை நன்றாகப் படம் எடுக்க என்ன செய்ய வேண்டும்?

சூரியன் கடலில் இறங்கியதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான். அப்படி வைத்துவிட்டுத்தான் ஒரு மாலையை நான் இழந்தேன்.

திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளத்தில் நடந்தது (சென்னைக் கோவளம் இல்லை, கன்னியாகுமரிக் கோவளமும் இல்லை). கடற்கரையின் தென்கோடியில், பாறைக் குன்றின் மேல் சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு நிற்கிறது விழிஞம் கலங்கரை விளக்கம். 1972-இல் எழுந்தது, 36 மீட்டர் உயரம். ஜனவரி மாதம். எல்லோரையும் போல நானும் சூரியன் தண்ணீரைத் தொடும் நொடிக்காகக் காத்திருந்து முப்பது நாற்பது படம் எடுத்தேன். சூரியன் போனதும் ட்ரைபாடை மடக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க மேலேறினேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், வானம் ஊதாவும் ஆரஞ்சுமாக விரிந்து கிடக்கிறது, உச்சியில் விளக்கு சுற்றுகிறது, கோபுரத்தின் பட்டைகளும் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஓடி வந்து ட்ரைபாடை விரிப்பதற்குள் எல்லாம் கறுத்துவிட்டது.

நம் ஊர்ப் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்திவெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். அதற்குள் ஒரு ஐந்து நிமிடம் வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் சமமாக வரும். அதற்கு முன்னால் எடுத்தால் விளக்கு எரிவதே தெரியாது. பின்னால் எடுத்தால் விளக்கு வெறும் வெள்ளைத் திட்டு, கோபுரம் இருட்டில் போய்விடும். சூரியன் மறைந்து பதினைந்தாவது நிமிடத்திலிருந்து விடாமல் எடுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே கோபுரத்தில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு) மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆரம்பித்து, இருட்ட இருட்ட எட்டு பத்து நொடி வரை போகலாம். ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) எடுங்கள்.

அடுத்தது, விளக்கு நம்மைப் பார்த்து மின்னி, மறுபடி மின்ன எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித் தாளம் உண்டு. கடலில் இருப்பவர்கள் அதை வைத்துத்தான் இது எந்த ஊர் விளக்கு என்று கண்டுகொள்கிறார்கள். ஒளி நம் முகத்தைக் கடந்த மறுநொடி ஷட்டரைத் திறந்து, விளக்கு அடுத்து மின்னுவதற்கு முன் மூடினால் உச்சி வெளிறிப்போகாது. கதிர் தெளிவான கோடாக வேண்டுமென்றால் ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து, ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். கோவளத்தில் மணலில் நின்று விளக்கைப் பார்த்தால் சூரியன் வலது கைப் பக்கம் இறங்கும். பக்கவாட்டு வெயிலில் வெள்ளைப் பட்டைகள் பொன்னிறமாகிவிடும். சென்னை மெரினாவில் இதற்கு நேர் எதிர். கடல் கிழக்கே, விளக்கு மேற்கே, சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும். அங்கே பட்டைகளை எதிர்பார்க்காதீர்கள். வானத்துக்கு வெளிச்சத்தை அளந்து, கறுப்பு உருவமாகவே எடுங்கள். அது முக்கோணக் கோபுரம் என்பதால் நீங்கள் நகர நகர வடிவமும் மாறும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

ஈர மணலில் அலை திரும்பும்போது ட்ரைபாடின் கால் மெல்லப் புதையும், படம் கலங்கிப்போகும். கால்களை முதலிலேயே அழுத்தி ஊன்றி, இரண்டு அலை போகவிட்டு எடுங்கள். உப்புச் சாரல் லென்ஸில் படியும், மெல்லிய துணி கையிலேயே இருக்கட்டும். ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரைப் பாறைகளில் இறங்கவே வேண்டாம். அலை ஆளை இழுத்துவிடும்.

மொபைல்தான் இருக்கிறதா? சரி, எதன் மேலாவது சாய்த்து வையுங்கள். திரையில் விளக்கைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து, மூன்று நொடி டைமரில் எடுங்கள்.

மறுநாள் மாலையும் அதே இடத்துக்குப் போனேன். கூட்டம் கலைந்து கால் மணி நேரம் கழித்து எடுத்த ஒரு படத்தில், அலை வடிந்த மணலில் அந்த விளக்கின் பிம்பமும் விழுந்திருக்கிறது.